ஓடுகிற கால்களுக்கு ஒரு விலாசம்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்கு வந்து பார்த்தால், கீழமாசி வீதியே அங்கே எழுந்து வந்துவிட்டதோ என்று தோன்றும். பருப்பு மண்டிக்காரர், வற்றல் கமிஷன் கடைக்காரர், எண்ணெய் வியாபாரி, பலசரக்குக் கடை அண்ணாச்சி என்று எல்லோரும் கையை வீசிக்கொண்டு சுற்றி வருவார்கள். வாழ்நாளெல்லாம் சர்க்கரையை மூட்டை மூட்டையாக விற்றவர்கள், உடம்பில் ஏறிவிட்ட சர்க்கரையை இறக்குவதற்காக வேர்வை சிந்திக்கொண்டிருக்கிறோம். இதற்கான இறக்குகூலி டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் தனியாகப் போகிறது.

நானும் அவர்களில் ஒருவன். பதினொரு ஆண்டுகளாக நடக்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு கிலோமீட்டர், ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று வைத்துக்கொண்டாலும் பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. மதுரையிலிருந்து காசிக்கு ஏறக்குறைய மூன்று தடவை போய்வரும் தூரம். ஆனால் நான் போய்ச் சேர்ந்த இடம் எது? புறப்பட்ட அதே வாசல்தான். வண்டி வாடகை கொடுத்து ஒரு லாரியை வெறுமனே ஊரைச் சுற்றவிடுகிற வியாபாரி நம்மில் எவராவது உண்டா? உடம்பு விஷயத்தில் மட்டும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

நடக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தே காலம் கழிக்கும் நமக்கு அது அவசியமே. அந்த நடையையும் ஓட்டத்தையும் இன்னொருவருக்கும் பயன்படும்படி செய்ய முடியுமா என்பதே என் கேள்வி. செய்து காட்டியிருக்கிறார்கள். நான் அதை முதலில் பார்த்தது லண்டன் மாநகரில்.

ஓட்டம் பாதி, வேலை பாதி

2023-ஆம் ஆண்டு கோடையில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்க நேர்ந்தது. கிழக்கு லண்டன் பகுதி. வாரத்தில் ஒரு நாள் மாலை, வேலையிலிருந்து வந்ததும் மாப்பிள்ளை ஓட்டத்துக்குரிய காலணியை மாட்டிக்கொண்டு கிளம்புவார். கையில் தோட்ட வேலைக்குரிய கையுறை.

"ஓடப் போறவருக்குக் கையுறை எதுக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஓட்டம் பாதி, வேலை பாதி மாமா. நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்க" என்றார்.

அடுத்த வாரம் என்னைப் பேருந்தில் ஏற்றி, வேலை நடக்கும் இடத்துக்கே முன்னதாக அனுப்பிவிட்டார். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு தோட்டம். வாசலில் மரத்தூளும் எருவும் கலந்த ஒரு பெரிய குவியல் கிடந்தது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வயதானவர். அவரும் இன்னொருவரும் அள்ளினால் ஒரு வாரம் ஆகும் போலிருந்தது.

சற்று நேரத்தில் தெருமுனையில் இருபது பேர் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம். இருபது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். என் வயதை ஒட்டிய ஒருவரும் இருந்தார், அவர் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார். அவர் தனியாகி விடக் கூடாது என்று அவருடனேயே ஒருவர் மெதுவாக ஓடி வந்தார். வந்ததும் மண்வெட்டியையும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியையும் எடுத்தார்கள். சிலர் அள்ளினார்கள், சிலர் தள்ளினார்கள், சிலர் பாத்தியில் பரப்பினார்கள். கிடங்கில் மூட்டை இறக்குவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அவர்களில் பாதிப் பேருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் முக்கால் மணி நேரத்தில் குவியல் இருந்த இடம் தெரியவில்லை. ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் கையெடுத்து நன்றி சொன்னார். வந்த வழியே ஓடிப் போய்விட்டார்கள். ஒரு டீ கூடக் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமே.

இந்த அமைப்புக்குக் குட்ஜிம் என்று பெயர். 'நல்ல உடற்பயிற்சிக் கூடம்' என்று பொருள் கொள்ளலாம். ஆனால் கூடமும் இல்லை, கருவியும் இல்லை. லண்டனின் கிழக்குப் பகுதியில் 2008-2009 வாக்கில் இதைத் தொடங்கியவர் ஐவோ கார்ம்லி என்ற இளைஞர். ஆவணப்படம் எடுப்பவர். புகழ்பெற்ற சிற்பி ஆண்டனி கார்ம்லியின் மகன். உடற்பயிற்சிக் கூடங்களில் இத்தனை பேர் இரும்பைத் தூக்கித் தூக்கி வைக்கிறார்களே, ஊரில் தூக்க ஆளில்லாத வேலைகள் எத்தனையோ கிடக்கின்றனவே, இரண்டையும் சேர்த்தால் என்ன என்பது அவருடைய எண்ணம். என் மகன் மாதம் தவறாமல் பணம் கட்டி எடை தூக்கப் போகும்போதெல்லாம், 'நம் கிடங்கில் ஐம்பது கிலோ மூட்டை சும்மாதானே இருக்கிறது' என்று நான் கேட்பதுண்டு. அவன் முகத்தைச் சுளித்துக்கொள்வான். அதே கேள்வியை லண்டனில் ஒருவர் கேட்டு, அதற்கு ஒரு அமைப்பையே உண்டாக்கிவிட்டார்.

2020-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளில் இது பரவியிருந்தது. சேருவதற்குக் கட்டாயக் கட்டணம் கிடையாது. விரும்புகிறவர்கள் நன்கொடை தருகிறார்கள். வாரம் ஒரு குழு ஓட்டம், மேலே சொன்னது போல. இது தவிர, தனித்து வாழும் முதியவர் வீட்டில் கட்டிலை நகர்த்த வேண்டும், விளக்கு மாற்ற வேண்டும், புதராகிவிட்ட தோட்டத்தை வெட்ட வேண்டும் என்றால் ஓரிருவர் ஓடிப் போய்ச் செய்துவிட்டு வருகிறார்கள். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது முதியவர்களுக்கு மருந்தும் மளிகையும் கொண்டுபோய்க் கொடுத்த வேலையில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

இவற்றையெல்லாம் விட என் மனத்தைப் பிடித்துக்கொண்டது மூன்றாவதாக அவர்கள் செய்யும் ஒன்று.

பேப்பர் வாங்கியவர்தான் பயிற்சியாளர்

கார்ம்லி ஓட வேண்டும் என்று நினைப்பாராம், நம் எல்லோரையும் போலவே நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிடுவாராம். அப்போது வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாத ஒரு முதியவரின் பழக்கம் இருந்தது. ஓடும் வழியில் அவருக்குச் செய்தித்தாள் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது. மழையோ குளிரோ, அந்த மனிதர் பேப்பருக்காகக் காத்திருப்பார் என்பதால் இவர் தவறாமல் ஓடுகிறார். ஆக, உதவி பெறுகிறவர் யார், உதவி செய்கிறவர் யார்?

இந்த இடத்தில்தான் அவர் கணக்கைத் திருப்பி எழுதினார். அந்த முதியவருக்கு வைத்த பெயர் 'பயிற்சியாளர்'. அதாவது கோச். அமைப்பு வளர்ந்த பிறகும் அதே பெயர்தான். வாரம் ஒரு முறை ஒரு இளைஞர் ஒரு முதியவர் வீட்டுக்கு ஓடுகிறார், உட்கார்ந்து பேசுகிறார், திரும்பி ஓடுகிறார். முதியவர் இரக்கத்துக்குரியவர் அல்லர். அவர் காத்திருப்பதால்தான் இவர் ஓடுகிறார் என்பதால், அவரே இவருக்குக் கோச்.

வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். இனாமாக வாங்குகிறவன் தலை குனிகிறான். விலை கொடுத்து வாங்குகிறவன் நிமிர்ந்து நிற்கிறான். நம் கடைக்கு வரும் ஏழை வாடிக்கையாளர் கூட, 'சும்மா எடுத்துக்கொண்டு போங்கள்' என்றால் முகம் சிவப்பார். 'கணக்கில் எழுதிக்கொள்கிறேன்' என்றால் வாங்கிக்கொள்வார். கார்ம்லி செய்தது அந்தக் கணக்கில் எழுதும் வேலைதான். இரண்டு பக்கமும் வரவு.

பிரிட்டனில் முதியோர் தனிமை எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோ காக்ஸ் என்ற பெண் நாடாளுமன்ற உறுப்பினர் தனிமையில் வாடுவோருக்காக ஒரு குழுவைத் தொடங்க முயன்றார். 2016 ஜூன் மாதம் அவர் கொலை செய்யப்பட்டார். அவர் பெயரால் இயங்கிய குழுவின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை, 90 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் எப்போதுமோ அடிக்கடியோ தனிமையை உணர்வதாகச் சொன்னது. இதில் எல்லா வயதினரும் உண்டு. 2018 ஜனவரியில் பிரதமர் தெரசா மே, தனிமைக்கென்றே ஒரு அமைச்சருக்குப் பொறுப்பு கொடுத்தார். டிரேசி கிரவுச் என்பவர். அவர் ஏற்கெனவே விளையாட்டுத் துறையைப் பார்த்துவந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

நமக்கு அந்த நிலை வராது, நம் குடும்ப அமைப்பு வேறு என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் மேடைகளில் அப்படிப் பேசியவன்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் அறுபது வயதைத் தொட்டவர்களும் கடந்தவர்களும் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல். அதற்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் விமானம் ஏறிவிட்டார்கள் என்பதை அவரவர் தெருவில் பூட்டிக் கிடக்கும் மாடிகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

புதன்கிழமை பத்துச் சுற்று

லண்டன் தோட்டத்து வாசலில் நின்றபோது என் நினைவெல்லாம் ஒருவரைப் பற்றியே இருந்தது. எழுத வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

எங்கள் கடையில் நாற்பத்தோரு ஆண்டு கணக்கு எழுதியவர் ஒருவர் இருக்கிறார். என் தந்தையார் காலத்தில் வந்து சேர்ந்தவர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதன் கூட்டலைக் கையால் ஒருமுறை கூட்டிப் பார்த்துத்தான் விடுவார். எனக்கு அறுபது வயது கடந்த பிறகும் அவருக்கு நான் 'சின்ன முதலாளி'தான். ஓய்வு பெற்ற பிறகும், தல்லாகுளம் பக்கத்து வீட்டிலிருந்து பஸ் ஏறி, சரியாகப் பத்து மணிக்குக் கடைக்கு வந்துவிடுவார். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பார். பன்னிரண்டு மணிக்குப் புறப்படுவார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் துபாயில்.

2022-ஆம் ஆண்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம். திங்கட்கிழமை அவர் வரவில்லை. மழை என்று நினைத்தேன். செவ்வாயும் வரவில்லை. பேப்பர் மடிப்புக் கலையாமல் பெஞ்சில் கிடந்ததைப் பார்த்தேன். பண்டிகைச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பாகிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். புதன்கிழமை ஒரு பையனைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். அதற்குள் பேங்க் வேலை வந்தது, அவனை அங்கே அனுப்பிவிட்டேன்.

அவர் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்து, செவ்வாய் இரவு குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து எழுந்திருக்க முடியவில்லை. வியாழன் விடியற்காலை, பால் பாக்கெட் போடுகிறவர் முந்தின நாள் பாக்கெட் பையிலேயே கிடப்பதைக் கண்டு பக்கத்து வீட்டாரை எழுப்பியிருக்கிறார். இரண்டு இரவும் ஒரு பகலும் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார் மனிதர். கைக்கெட்டிய குழாயில் தண்ணீர் வந்ததால் பிழைத்தார்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது என்னால் எதுவும் பேச முடியவில்லை. அவர்தான் பேசினார். "பத்து மணி ஆனதும், கடையில தேடுவீங்க, ஆள் வரும்னு நினைச்சேன் சின்ன முதலாளி" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நாள் கணக்கை ஒப்புவிக்கும் அதே குரலில் சொன்னார்.

அவர் வீடு ரேஸ்கோர்ஸ் மைதானத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். அந்தப் புதன்கிழமை காலையிலும் நான் மைதானத்தைப் பத்துச் சுற்று நடந்தேன்.

ஒருநாள் கூத்து

ஊருக்குத் திரும்பியதும் இதைப் பற்றி நடைக்கூட்டத்து நண்பர்களிடம் பேசினேன். ஒரு நண்பர் உடனே, "பெரிதாகச் செய்வோம், பனியன் அடிப்போம், கலெக்டரைக் கூப்பிடுவோம்" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது.

காரணம் உண்டு. ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் 'பிளாகிங்' என்ற வழக்கத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுவீடன் நாட்டில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் 2016-இல் ஸ்டாக்ஹோம் நகரில் தொடங்கிவைத்தது. பொறுக்கி எடுப்பதைக் குறிக்கும் சுவீடியச் சொல்லையும் ஓட்டத்தைக் குறிக்கும் ஜாகிங்கையும் சேர்த்து உண்டாக்கிய பெயர். 2019 அக்டோபர் 12-ஆம் நாள், சீன அதிபர் வந்திருந்த சமயம், நம் மாமல்லபுரம் கடற்கரையில் பிரதமர் மோடி காலை நடையின்போது குப்பை பொறுக்கியதும் இந்தப் பெயரால்தான் பேசப்பட்டது. அதையடுத்து நம் ஊரிலும் சிலர் கையுறையும் பையுமாக வைகைக் கரையில் இறங்கினோம். நானும் போனேன். நூறு பேர், இரண்டு பேனர். அடுத்த ஞாயிறு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். கரை பழையபடி ஆக ஒரு வாரம் கூடத் தேவைப்படவில்லை.

குப்பை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அதனால் நாமும் போகவில்லை. மனிதர் காத்திருந்தால் போகாமலிருக்க மனம் கூசும். வித்தியாசம் அவ்வளவுதான்.

விளம்பரம் இல்லாமல் நீடித்த காரியத்துக்கு இங்கிலாந்திலேயே இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. பால் சின்டன்-ஹெவிட் என்ற ஓட்டக்காரர் காயம்பட்டு ஓட முடியாமல் போனார். நண்பர்களோடு உள்ள தொடர்பு விட்டுப்போகக் கூடாதே என்று, 2004 அக்டோபர் 2-ஆம் நாள், லண்டனை ஒட்டிய புஷி பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை ஏற்பாடு செய்து, தான் ஓடாமல் நேரம் குறிக்கும் பக்கம் நின்றார். அன்று ஓடியவர்கள் 13 பேர். பார்க்ரன் என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கிறது, கட்டணமில்லை. வழிகாட்ட, நேரம் குறிக்க, கடைசியாக வருகிறவருக்குத் துணையாக வர, எல்லாவற்றுக்கும் தொண்டர்களே. 2018 முதல் அங்குள்ள குடும்ப டாக்டர்கள் சிலர் மருந்துச் சீட்டோடு இதற்கும் போகச் சொல்கிறார்கள். முட்டி தேய்ந்த நம் போன்றவர்களுக்கு இதில் ஒரு ஆறுதல்: ஓட முடியாதவர்தான் இதைத் தொடங்கினார்.

ஓடுவதே ஏதோ ஒன்றைச் சேர்ப்பிக்கத்தான் என்றிருந்த காலமும் உண்டு. ரயில் வராத ஊர்களுக்கு அன்று தபால் ஓட்டக்காரர்கள் மணி கட்டிய ஈட்டியோடு பையைச் சுமந்து ஓடி, அடுத்த ஓட்டக்காரர் கையில் ஒப்படைத்தார்கள். அந்த மணிச் சத்தத்துக்காக ஒரு ஊரே காத்திருந்தது.

சிட்டையா, பேரேடா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கணக்குப்பிள்ளை ஐயாவால் கடைக்கு வர முடியவில்லை. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடமாடுவதே பெரிய காரியம். சமையலுக்கு ஒரு அம்மாள் வந்து போகிறார். நான் மளிகைச் சாமான்களைக் கட்டி அனுப்பினேன். பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு சீட்டு, அதில் துவரம்பருப்புக்கு ஐம்பது பைசா குறைத்துப் போட்டிருப்பதாகக் குறிப்பு. இப்படிப்பட்டவரிடம் 'உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிறேன்' என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

லண்டனிலிருந்து வந்த மறு வாரம் போய் உட்கார்ந்தேன். "ஐயா, டாக்டர் நடக்கச் சொல்றார், ஓடச் சொல்றார். நாங்க ஆறு பேர் ஏதாவது சாக்குச் சொல்லி நின்னுடுறோம். கண்டிக்க ஆள் இல்லை. தினமும் மைதானத்திலிருந்து உங்க வீடு வரை வந்து போறோம். யார் வந்தாங்க, எத்தனை மணிக்கு வந்தாங்கன்னு நீங்க ஒரு நோட்டுப் போடணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தார். எதற்காக இப்படிச் சொல்கிறேன் என்பது அவருக்கு விளங்காமல் இருக்குமா? ஆனாலும் கேட்டது இதுதான்: "சிட்டை மட்டும் போதுமா, பேரேடும் வேணுமா?"

2023 செப்டம்பரில் ஆரம்பித்தோம். ஆறு பேரில் எண்ணெய்க் கடைக்காரர் மகனும் அவன் கல்லூரித் தோழனும் மட்டுமே உண்மையில் ஓடுகிறவர்கள்; மற்ற நால்வர் வேகமாக நடக்கிறோம். நாளுக்கு இரண்டு பேர் முறை. கையில் அன்றைய பேப்பர். வாசலில் நின்று கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து போகிறோம். அன்று பரணிலிருந்து சாமான் இறக்குவது, டியூப் லைட் மாற்றுவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது, எதுவாக இருந்தாலும் அரை மணி நேரம். இப்போது அந்தப் பகுதியில் நான்கு வீடுகள். மற்ற மூன்று வீடுகளை எங்களுக்குச் சொன்னவர் அந்தத் தெருமுனை மளிகைக் கடைக்காரர்.

இந்த இடத்தில்தான் வணிக நண்பர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். லண்டனில் தனித்திருக்கும் முதியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க டாக்டர்களும் தொண்டு நிறுவனங்களும் வேண்டியிருக்கின்றன. நமக்கு அந்தச் செலவு இல்லை. மூன்று நாளாகக் காப்பித்தூள் வாங்க வராத பாட்டி யார், ஒரு கிலோ வாங்கிய வீட்டில் திடீரென்று கால் கிலோ கேட்பது ஏன் என்பது கடைக்காரருக்குத் தெரியும். சில நிமிடங்களில் பொருளை வாசலில் வைத்துவிட்டுப் போகும் பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டருக்கு, ஒரு வாடிக்கையாளர் வாங்குவதை நிறுத்தினால் அது வேறு கடைக்குப் போய்விட்ட கணக்கு. தெருக் கடைக்காரருக்கு அது என்ன ஆயிற்றோ என்ற கவலை. அந்தக் கவலை தோன்றிய அன்றைக்கே ஒருவரை அனுப்ப வேண்டும். பேங்க் வேலை மறுநாளைக்கு ஆகலாம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில விஷயங்கள். குட்ஜிம் அமைப்பில் முதியவர் வீட்டுக்குத் தொடர்ந்து போகிறவர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்த்த பிறகே அனுப்புகிறார்கள். நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லாததால், முன்பின் தெரியாதவர்களைச் சேர்ப்பதில்லை. தனியாக ஒருவர் போவதில்லை, கூப்பிடாமல் உள்ளே நுழைவதில்லை. பணம், பாஸ்புக், பத்திரம் எதையும் தொடுவதில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் முதலிலேயே போனில் சொல்லிவிடுகிறோம். ஒரு பிள்ளை, "அப்பாவுக்கு நான் மாதாமாதம் பணம் அனுப்புகிறேனே" என்று கோபித்துக்கொண்டார்; அந்த வீட்டுக்குப் போக இன்னும் நான்கு மாதம் பொறுக்க வேண்டியிருந்தது. கொத்தனாருக்கோ எலக்ட்ரீஷியனுக்கோ கூலி கொடுக்க வசதியுள்ள வீட்டில் அந்த வேலையை நாங்கள் தொடுவதில்லை. ஓட்டக்காரன் இனாமாகச் செய்கிறான் என்று கூலிக்காரன் வயிற்றில் அடிக்கக் கூடாது. பொன்னாடை, பேனர் இரண்டுக்கும் தடை போட்டிருக்கிறோம். இந்தக் கடைசி விதிக்குத்தான் எங்கள் கூட்டத்தில் எதிர்ப்பு அதிகம்.

என் சர்க்கரை குறைந்ததா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாத்திரை நிற்கவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயா சிட்டையும் எழுதுகிறார், பேரேடும் எழுதுகிறார். ஆளுக்கொரு பக்கம். வந்த நாள் வரவு, வராத நாள் பற்று. மாதக் கடைசியில் கூட்டிக் கோடு போட்டுக் கையெழுத்து வாங்குகிறார். கல்லூரிப் பையன்களுக்கு வரவு எழுதக் கற்றுக்கொடுத்து, ஒருவனுக்கு ஐந்தொகை எடுப்பது வரை வந்துவிட்டது.

போன ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் நான் போனபோது எதுவும் பேசாமல் நோட்டைத் திருப்பி என் பக்கத்தைக் காட்டினார். பற்றில் இரண்டு நாள் ஏறியிருந்தது.

"மழை ஐயா" என்றேன்.

"பால்காரன் வந்தானே" என்றார்.